ஊதிக் காட்டும்போது நேரும் பிழைகள்: ஓடும் காற்றும் அழுத்தமும்

பெங்களூரில் அல்சூர், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராம்புரம் எனத் தமிழ்க் குடும்பங்கள் அடர்ந்து வாழும் பகுதிகளில், ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி, வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இயற்பியல் சோதனைகளைச் செய்து காட்டும் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து புதிய தன்னார்வலர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்துக்கும் உழைப்புக்கும் குறைவே இல்லை. ஆனால் ஓடும் காற்றையும் அழுத்தத்தையும் பற்றிய வகுப்பு வந்தவுடன், குழுவின் தொடக்க காலத்தில் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொடுத்த அதே பிழையான விளக்கங்களை, ஏறக்குறைய அதே சொற்களில், அவர்களும் சொல்லத் தொடங்குகிறார்கள். காகிதம் ஈரமாக இருந்தது, பலூனில் ஓட்டை இருந்தது என்பன போன்ற தவறுகளை எவரும் தாமே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. சோதனை சரியாக நடந்து, பிள்ளைகளும் கைதட்டிய பிறகு, விளக்கம் மட்டும் தடம் மாறிவிடும் இடங்களைப் பற்றியே எழுதுகிறேன்.

காகிதம் எழுந்ததைக் காட்டி, ‘வேகமான காற்றுக்கு அழுத்தம் குறைவு’ என்று முடித்துவிடுதல்

எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான். இரண்டு விரல் அகலமுள்ள காகிதத் துண்டின் ஒரு முனையைக் கீழுதட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு, தொங்கும் பகுதியின் மேற்பரப்பை ஒட்டி ஊதினால், காகிதம் எழுந்து கிடைமட்டமாக நிற்கும். உடனே கரும்பலகையில், மேலே வேகம் அதிகம், ஆகவே அழுத்தம் குறைவு. கீழே காற்று நிற்கிறது, ஆகவே அழுத்தம் அதிகம். இதுதான் பெர்னௌலி தேற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். காகிதம் எழுந்தது உண்மை. மேற்பரப்பில் அழுத்தம் குறைந்ததும் உண்மை. அது குறைந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் உண்மையன்று.

டேனியல் பெர்னௌலி 1738இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்து, பின்னர் லியோனார்டு ஆய்லர் சமன்பாடாக வடித்துக்கொடுத்த அந்தத் தேற்றம், ஒரே ஓட்டத்தில் ஒரே பாதை வழியாக வரும் பாய்மத்தின் (காற்று, தண்ணீர் போன்று ஓடும் பொருளின்) இரண்டு இடங்களைத்தான் ஒப்பிடுகிறது. உராய்வால் ஆற்றல் இழப்பு இல்லாமலும், இடையில் எவரும் ஆற்றலைச் சேர்க்காமலும் இருந்தால், அந்தப் பாதையில் வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். காகிதத்தின் மேலே ஓடும் காற்று உங்கள் நுரையீரலிலிருந்து வந்தது; கீழே நிற்கும் காற்று அறையில் ஏற்கெனவே இருந்தது. மேலுள்ள காற்றுக்கு உங்கள் மார்புத் தசைகள் கூடுதல் ஆற்றலைக் கொடுத்திருக்கின்றன. வரலாறு வேறான இரண்டு காற்றுகளை அந்தத் தேற்றத்தின் இரு பக்கங்களிலும் வைப்பதற்கு இடமே இல்லை.

தேற்றத்தைச் சரியான இடத்தில் பொருத்திப் பார்த்தால் இது தெளிவாகும். ஊதுபவரின் வாய்க்குள் காற்று ஏறக்குறைய நிற்கிறது. அங்கே அழுத்தம் வெளியிலுள்ளதைவிடச் சற்று அதிகம். அந்தக் கூடுதல் 55 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) என்று வைத்துக்கொண்டால், உதட்டைக் கடக்கும்போது அது முழுவதும் வேகமாக மாறி, காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வெளிவரும். வெளிவந்தபின் அதன் அழுத்தம் என்ன? அறையின் அழுத்தமேதான். திறந்த வெளியில் நேராகப் பாயும் காற்றுத் தாரைக்குள் அழுத்தம், சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். வேகம் இருக்கிறது, அழுத்தக் குறைவு இல்லை. வகுப்பில் சொல்லப்படும் விதி இந்த ஓர் இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பி.யு.சி. முதலாண்டு (பதினொன்றாம் வகுப்பு) மாணவன் ஒருவனின் அப்பா, மரம் கடையும் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். கடைசலில் பறக்கும் தூளை அகற்ற வேண்டும் என்று பையன் திட்டமிட்டான். எஸ்.பி. ரோடு கடைவீதியில் ஒரு ப்ளோவரை (காற்றை ஊதித் தள்ளும் இயந்திரத்தை) வாங்கி, தகரத்தில் நீளமான சதுரக் குழாய் செய்யவைத்து, அதன் கடைசியில் தூளைப் பிடிக்கத் துணிப்பை கட்டி, குழாயின் பக்கச் சுவரில் துளையிட்டு, அந்தத் துளையிலிருந்து கடைசல் இயந்திரம் வரை ஒரு வளைகுழாயைக் கொண்டுவந்தான். தகரக் குழாய்க்குள் காற்று வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்திருக்கும், ஆகவே தூள் தானாக உள்ளே போய்விடும் என்பது அவன் கணக்கு. ப்ளோவரைப் போட்டவுடன் வளைகுழாய் வழியாகத் தூள் வெளியே பீறிட்டு, கடைசலில் நின்றிருந்த அவன் அப்பாவின் முகத்தில் அடித்தது.

வகுப்பெடுத்த தன்னார்வலரிடம் வந்து, “அண்ணா, பைப்புக்குள்ள காத்து அவ்வளவு வேகமா ஓடுது. அப்போ அது தூளை உள்ள இழுக்கணும்ல, ஏன் வெளியே துப்புது?” என்று கேட்டான். அவருக்கும் பதில் தெரியவில்லை. என்னை அழைத்துப் போனார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தெளிவான பிளாஸ்டிக் குழாயை வளைத்து, பாதியளவு தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைத் தகரக் குழாயின் துளையில் பொருத்தினோம். நீர்மட்டம் துளைப் பக்கத்தில் கீழிறங்கி, திறந்த பக்கத்தில் மேலேறி நின்றது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதாவது, வேகமாகக் காற்று ஓடிய அந்தக் குழாய்க்குள் அழுத்தம் அறையைவிடக் கிட்டத்தட்ட 300 பாஸ்கல் அதிகமாக இருந்தது. ப்ளோவர் காற்றைத் தள்ளுகிறது. துணிப்பையும் நீண்ட குழாயின் உராய்வும் அதைத் தடுக்கின்றன. ஆகவே குழாய் நெடுகிலும் அழுத்தம் கூடியே இருக்கும். வேகத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது.

ப்ளோவர் காற்றை உள்ளிழுக்கும் வாய்ப் பக்கத்தில் வளைகுழாயை மாட்டி, நடுவில் தூள் விழுவதற்கு மூடிய தகர டிரம் ஒன்றை வைத்தபோது வேலை முடிந்தது. ஆனால் செய்த தகர வேலை முழுவதும் பழைய இரும்புக்குப் போயிற்று. அந்தக் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அன்று. பையனின் அப்பா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “பசங்களுக்குச் சொல்றதைக் கொஞ்சம் சரியாச் சொல்லுங்க” என்றார். ஒரு வாக்கியத்தை எளிமைப்படுத்துவதாக நினைத்துப் பொய்யாக்கிவிட்டால், அதை நம்பி ஒருவர் பணம் போடுவார் என்பதை அன்று முதல் ஒவ்வொரு புதிய தன்னார்வலரிடமும் சொல்லி வருகிறேன். இன்றும் அந்த வாக்கியத்தை எவரேனும் கரும்பலகையில் எழுதினால் எனக்குப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

சரி, காகிதம் ஏன் எழுகிறது? உதட்டிலிருந்து தொங்கும் காகிதம் வளைந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஊதிய காற்று அதன் வளைந்த மேற்பரப்பை ஒட்டிக்கொண்டு தானும் கீழ்நோக்கி வளைகிறது. பி.எம்.டி.சி. பேருந்து ஒரு திருப்பத்தில் திரும்பும்போது, வெளிப்பக்க இருக்கையில் இருப்பவரைப் பேருந்தின் பக்கச் சுவர் உள்நோக்கித் தள்ளினால்தான் அவரும் பேருந்தோடு திரும்ப முடிகிறது. காற்று வளைந்து திரும்ப வேண்டுமானாலும் அதை வளைவின் உட்புறம் நோக்கித் தள்ளும் விசை வேண்டும். அந்த விசையை அழுத்த வேறுபாடு தருகிறது. வளைவின் வெளிப்புறத்தில் அறையின் அழுத்தம். உட்புறத்தில், அதாவது காகிதத்தை ஒட்டிய இடத்தில், அதைவிடக் குறைந்த அழுத்தம். காகிதத்துக்குக் கீழே அறையின் அழுத்தம் அப்படியே இருப்பதால் அது மேலே தள்ளப்படுகிறது. தாரை வளைந்த பரப்பை ஒட்டிச் செல்லும் இந்த இயல்புக்கு ருமேனியப் பொறியாளர் ஹென்றி கோவாண்டாவின் பெயர் வழங்குகிறது.

இதை வாயால் சொன்னால் போதாது. இரண்டு சோதனைகளால் காட்ட வேண்டும். முதலாவது, ஏ4 தாள் ஒன்றின் மேல் விளிம்பை இரண்டு ஸ்கேல்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, தாள் வளைவின்றி நேராகத் தொங்கும்படி நிறுத்துங்கள். பப்பாளி இலைக் காம்பை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி ஊதுகுழலாக வைத்துக்கொண்டு, தாளின் ஒரு பக்கத்தை ஒட்டி மேலிருந்து கீழாக நேரே ஊதுங்கள். ஒரு பக்கம் காற்று வேகமாக ஓடுகிறது, மறுபக்கம் நிற்கிறது. வகுப்பு விதி உண்மையானால் தாள் காற்றை நோக்கி வளைய வேண்டும். அது ஏறக்குறைய அசையாமல் தொங்கும். தாளிலிருந்து விலகி ஊதினால் மட்டும், இடையிலுள்ள காற்றைத் தாரை வாரிக்கொண்டு போவதால் தாள் சற்று அசையக்கூடும். ஆகவே ஒட்டியே ஊத வேண்டும்.

இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய அழைப்பிதழ் அட்டை ஒன்றை நீளவாக்கில் மெல்ல வளைத்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, குவிந்த முதுகுப் பக்கத்தின் மேல் ஊதினால் அட்டை காற்றை நோக்கி வரும். அதே அட்டையைத் திருப்பி, குழிந்த பக்கத்தின் மேல் அதே வேகத்தில் ஊதினால், அட்டை காற்றிலிருந்து விலகிப் போகும். ஊதியவர் அவரே, அட்டையும் அதுவே, வேகமும் மாறவில்லை. காற்று வளைந்த திசை மட்டுமே மாறியது. பிள்ளைகள் இதைத் தாமே செய்து பார்த்தபின், காற்று எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் வளைகிறது என்ற இரண்டு கேள்விகளையும் அவர்களே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

தெளிப்பானில் குழாய் முனையைக் கண்டபடி வைத்தல்

தண்ணீரில் ஒரு குழாயை நிமிர்த்தி வைத்து, அதன் வாய்க்குக் குறுக்கே மற்றொரு குழாயால் ஊதினால், தண்ணீர் மேலேறிச் சிதறும். 2022 ஜூலை முதல் நாள் முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களுக்குத் தடை வந்தபின் பலர் காகிதக் குழலைப் பயன்படுத்துகிறார்கள்; அது சில நிமிடங்களில் ஊறித் துவண்டுவிடும். மீன் தொட்டிக் காற்றுக் குழாயின் துண்டோ, நன்கு கழுவிய பப்பாளிக் காம்போ போதும்.

இங்கே நிமிர்ந்த குழாயின் வாய், பாயும் தாரையின் நடு உயரம் வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தாரை அந்த வாயின் விளிம்பில் மோதி, எழும்பி வளைந்து, பிரிந்து செல்வதால்தான் வாய்க்கு மேலே அழுத்தம் குறைகிறது. ஒரு தட்டையான அட்டையில் துளையிட்டு, குழாய் வாயை அட்டையின் பரப்போடு சமமாகப் பொருத்திவிட்டு அதே காற்றை ஊதினால், தண்ணீர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். காற்றின் வேகம் மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டிலும் தண்ணீர் ஏற வேண்டுமல்லவா? தாரைக்குள் ஒரு குழாயை நீட்டி அழுத்தத்தை அளந்து, தாரையில் அழுத்தம் குறைவு என்று பதிவு செய்யும் பள்ளிக் கண்காட்சிச் செய்முறைகளிலும் இதே பிழைதான் இருக்கிறது: அவர்கள் அளப்பது தாரையின் அழுத்தத்தை அன்று, தங்கள் குழாய் உண்டாக்கிய கலக்கத்தை.

தண்ணீர் மட்டம் குழாய் வாய்க்கு அருகில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கிறார்கள். தண்ணீரை 3 சென்டிமீட்டர் ஏற்றவே ஏறத்தாழ 300 பாஸ்கல் வேண்டும். அதற்கு நொடிக்கு 20 மீட்டருக்கு மேற்பட்ட வேகம் தேவைப்படும். உயரமான டம்ளரின் அடியில் கொஞ்சம் தண்ணீர் வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தலைசுற்றும் வரை ஊதவிடுவது தவறு.

மேசை விசிறியின் மேல் பந்தை மிதக்கவிட முயலுதல்

விசிறியின் காற்று சுழன்று வரும், பந்து நிற்காது.

மிதக்கும் பந்தைத் தாரையின் ‘குறைந்த அழுத்தம்’ பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லுதல்

தலைமுடி உலர்த்தியைக் குளிர்காற்று நிலையில் வைத்து மேல்நோக்கிப் பிடித்தால், மேசைப் பந்து அதன் மேல் மிதக்கும். பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம், அதைத் தாங்க நொடிக்கு 9 மீட்டர் அளவிலான காற்று போதும். பந்தை மேலே தாங்குவது, அதன் மேல் மோதும் காற்று அதைத் தன் போக்கில் தள்ளும் விசை (இழுவை விசை என்பார்கள்). இதில் எவருக்கும் ஐயமில்லை. பந்து ஏன் பக்கவாட்டில் விழுவதில்லை என்ற கேள்விக்குத்தான், தாரைக்குள் அழுத்தம் குறைவு, வெளியே அதிகம், ஆகவே வெளிக்காற்று பந்தை உள்ளே தள்ளுகிறது என்று விடை சொல்லப்படுகிறது. தாரைக்குள் அழுத்தம் குறைவில்லை என்பதை மேலே பார்த்தோம்.

பந்து சற்று வலப்பக்கம் விலகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தாரையின் பெரும்பகுதி பந்தின் இடப்பக்கமாகச் சென்று, பந்தின் வளைவை ஒட்டிக்கொண்டு, அதன் தலைக்கு மேல் வலப்பக்கமாகத் திரும்பிவிடும். காற்றைப் பந்து வலப்பக்கம் திருப்பியதால், காற்று பந்தை இடப்பக்கம் தள்ளும். பந்து நடுவுக்கு வந்துவிடும். இதைக் கண்ணால் காட்டலாம். உலர்த்தியைச் சாய்த்துப் பிடியுங்கள். பந்து தாரையின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே தொங்கியபடி நிற்கும். பந்துக்கு அப்பால், மெல்லிய டிஷ்யூ தாளின் கீற்றை ஒரு குச்சியில் கட்டிக் காற்றில் காட்டினால், பந்தைக் கடந்த காற்று நேராகப் போகாமல் கீழ்நோக்கித் திரும்பியிருப்பதைக் கீற்று காட்டிக்கொடுக்கும். பந்தை எடுத்துவிட்டால் கீற்று நிமிர்ந்துவிடும். சிலர் இதற்கு ஊதுபத்திப் புகையைப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். இந்த வேகத்தில் புகை கலைந்துவிடும், ஒன்றும் தெரியாது.

மின்விசிறி சுழலும் அறையில் செய்தல்

நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

எண்களைத் தொடாமலே போதல்

கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 1,01,325 பாஸ்கல். 900 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள பெங்களூரில் அது ஏறத்தாழ 91,000 பாஸ்கல். காற்றின் அடர்த்தியும் கன மீட்டருக்கு 1.1 கிலோகிராமை ஒட்டியே இருக்கும். ஓடும் காற்றோடு தொடர்புடைய அழுத்த மாற்றத்தின் அளவை அறிய, அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்துக்கு அது 55 பாஸ்கல். தண்ணீர்க் கணக்கில் 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்காகும்.

இப்போது காகிதத்தைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரணத் தாளைத் தாங்க 0.8 பாஸ்கல் போதும். அதாவது, ஊதும் மூச்சில் உள்ளதில் நூற்றில் இரண்டு பங்குகூடத் தேவையில்லை. இவ்வளவு இலேசான பொருள் எதற்கும் அசைந்துவிடும். அது அசைந்தது என்பதை மட்டும் வைத்து எந்த விளக்கம் சரி என்று முடிவு செய்ய முடியாது. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகவே போடுகிறார்கள். அவர்களுக்கு இது கடினம் என்று நாமே தீர்மானித்து விலக்கி வைக்கக் கூடாது.

இறக்கையின் மேலும் கீழும் பிரிந்த காற்று ‘ஒரே நேரத்தில்’ சேர்கிறது என்று சொல்லுதல்

எலகங்காவில் விமானக் கண்காட்சி நடக்கும் ஆண்டுகளில், காகிதத் துண்டிலிருந்து நேரே விமான இறக்கைக்குத் தாவிவிடுகிறார்கள். இறக்கையின் மேற்பரப்பு அதிக வளைவுடையது, ஆகவே மேலே செல்லும் காற்றுக்குத் தொலைவு அதிகம். கீழே சென்ற காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டியிருப்பதால் அது வேகமாக ஓடுகிறது என்பது விளக்கம். பிரிந்த காற்று மறுபடியும் சேர்ந்தாக வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி 2003இல் எழுதிய கட்டுரை இதைப் புகைக்கோடுகளின் படங்களோடு விளக்கியது: மேலே சென்ற காற்று, கீழே சென்ற காற்றைவிட முன்னதாகவே பின்விளிம்பைக் கடந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் சேர்வதற்குத் தேவையானதைவிட அதிக வேகத்தில் அது ஓடுகிறது.

அதே எலகங்கா வானில் இந்திய விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழுவின் விமானங்கள் தலைகீழாகப் பறப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். வளைவு அதிகமான பக்கம் கீழே இருக்கும்போதும் விமானம் விழவில்லையே என்று ஒரு பிள்ளை கேட்டால், சம நேர விளக்கத்திடம் பதில் இல்லை. இறக்கை காற்றோட்டத்தோடு கொள்ளும் சாய்கோணத்தால் காற்று கீழ்நோக்கி வளைக்கப்படுகிறது. அந்த வளைவோடு மேற்புறத்தில் அழுத்தக் குறைவும், அதனோடு இணைந்த வேகமும் வருகின்றன என்று சொன்னால், காகிதத்தில் பார்த்ததும் இறக்கையில் நடப்பதும் ஒரே இழையில் வந்துவிடும். இறக்கையில் பெர்னௌலி தேற்றம் செல்லுபடியாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: இரண்டு பக்கத்துக் காற்றும் தொலைவில் ஒரே நிலையில் இருந்து வந்தவை. தேற்றத்தில் பிழையில்லை; வேகத்துக்குச் சொன்ன காரணத்தில்தான் பிழை.

காற்று ‘இழுக்கிறது’ என்று விளக்குதல்

காற்று தள்ள மட்டுமே செய்யும்.

சமையல் எரிவாயு அடுப்பைத் திறந்து காட்டுதல்

கூடாது.

நூல்கண்டுச் சோதனையை ஒதுக்கிவிடுதல்

தேற்றத்தைக் கையோடு காட்டும் நல்ல சோதனை ஒன்று இருக்கையில், அதை எவரும் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம். சிவாஜிநகர்த் தையல் கடைகளில் நூல் தீர்ந்த கண்டுகளைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். விசிட்டிங் கார்டு ஒன்றின் நடுவில் தீக்குச்சித் துண்டை நிமிர்த்தி ஒட்டி, அந்தத் துண்டு கண்டின் துளைக்குள் இருக்கும்படி அட்டையைக் கீழிருந்து பொருத்துங்கள். அட்டை பக்கவாட்டில் நழுவாமல் இருக்கவே இந்தத் துண்டு. குண்டூசி வேண்டாம்: அதன் முனை ஊதுபவரின் வாயை நோக்கி நிற்கும். கண்டின் மேல்துளையில் வாயை வைத்து, முதலில் ஊதத் தொடங்கி, அதன்பின் அட்டையிலிருந்து கையை எடுங்கள். பலமாக ஊத ஊத அட்டை விழாமல் கண்டின் அடியிலேயே ஒட்டி நிற்கும்; ஊதுவதை நிறுத்தியவுடன் விழும்.

துளையிலிருந்து வந்த காற்று, அட்டைக்கும் கண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் எல்லாப் பக்கமும் விரிந்து ஓடுகிறது. நடுவை ஒட்டி வட்டம் சிறியது, ஆகவே வேகம் மிக அதிகம். விளிம்பை நோக்கிப் போகப் போக வட்டம் பெரிதாகி வேகம் குறைகிறது. விளிம்பில் வெளியேறும்போது அழுத்தம் அறையின் அழுத்தமாக இருந்தாக வேண்டும். ஒரே காற்று, ஒரே பாதை. வேகம் குறைந்து வரும்போது அழுத்தம் கூடி அறையின் அளவை எட்டுகிறது என்றால், அதற்கு முந்தைய இடங்களில் அது அறையின் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருந்திருக்க வேண்டும். கீழிருந்து அறைக்காற்று அட்டையைத் தாங்கிக்கொள்கிறது. 1797இல் ஜியோவன்னி பத்திஸ்தா வெஞ்சுரி விவரித்த குறுகிய கழுத்துள்ள குழாயிலும் இதே கணக்குதான். மரப்பட்டறைப் பையன் தன் தகரக் குழாயில் அப்படியொரு கழுத்தைச் செய்து, அதற்குப் பின் தடையின்றிக் காற்றை விரித்து வெளியேற விட்டிருந்தால், கழுத்தில் இட்ட துளை வழியாக அறைக்காற்று தூளை உள்ளே தள்ளியிருக்கும்.

கதவையும் கூரையையும் ஒன்றாகப் பேசுதல்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். திறந்த ஜன்னல்களுள்ள வீட்டில் கதவுகள் படாரென்று சாத்திக்கொள்ளும். கதவருகே காற்று வேகமாக ஓடி அழுத்தம் குறைந்தது என்று இதை விளக்குகிறார்கள். உண்மையில், வீட்டில் காற்று வந்து மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது, மறைவான பக்கத்தில் குறைகிறது. இரண்டு பக்கத்து ஜன்னல்களும் திறந்திருந்தால் அந்த வேறுபாடு முழுவதும் நடுவிலுள்ள கதவின் மேல் விழுகிறது. கதவின் இரு புறமும் நிற்கும் காற்றின் அழுத்தம் வேறுபட்டாலே போதும். கதவை ஒட்டி வேகமாக எதுவும் ஓட வேண்டியதில்லை.

கூரையின் கதை வேறு. எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருடைய வீடு தகரக் கூரை போட்ட சீட் வீடு. ஆகவே இதைப் பிழையின்றிச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. வீசும் காற்று சுவரில் மோதி எழும்பி, கூரையின் விளிம்பில் வளைந்து பிரியும்போது, கூரையின் மேற்புறத்தில், குறிப்பாக ஓரங்களிலும் மூலைகளிலும், அழுத்தம் பெரிதும் குறைகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் காற்றில், அதாவது நொடிக்கு 20 மீட்டரில், இந்த அழுத்தத்தின் அளவு 220 பாஸ்கல். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 22 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசை அது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 4 கிலோகிராம் எடைகூட இராது. காற்று மோதும் பக்கத்துக் கதவு மட்டும் திறந்திருந்தால், உள்ளே அழுத்தம் கூடி, கீழிருந்து தள்ளும் விசையும் இதனோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே பலத்த காற்று வீசும்போது அந்தப் பக்கத்தை அடைத்து வைக்க வேண்டும். கூரையின் நடுவில் கல்லை ஏற்றி வைப்பதைவிட, ஓரங்களிலும் மூலைகளிலும் ஜே போல்ட்டுகளை (J வடிவில் வளைந்த திருகாணிகளை) நெருக்கமாகப் போட்டுச் சட்டத்தோடு இறுக்குவதே பயன் தரும், ஏனெனில் தகடு முதலில் பெயர்வது அங்கேதான்.